பென்குயின் கேட்ட பெரியவருக்கு

சென்ற இதழில் கிண்டி சிறுவர் பூங்காவையும் அதை ஒட்டியிருக்கும் பாம்புப் பண்ணையையும் ஒரு கட்டுரையாளர் வெளுத்து வாங்கியிருந்தார். நரி, மான், முதலை, ஆமை, பாம்பு என்று நம் ஊரில் தெருவோரம் திரிவதையெல்லாம் அடைத்துவைத்து டிக்கெட் கிழிப்பது பம்மாத்து என்பது அவர் கட்சி. மும்பைக்காரன் பென்குயினே வைத்திருக்கும்போது சென்னைக்கு மட்டும் என்ன கேடு என்று கேட்கிறார். எந்தப் பிள்ளையும் தகவல் பலகையைப் படிப்பதில்லை, ஆகவே பாதுகாப்புக் கல்வி என்பது அரசாங்கக் கோப்புக்குள் மட்டும் உயிரோடு இருக்கும் சங்கதி என்கிறார். முடிக்கிற நேரத்தில் திடீரென்று ஞானம் பிறந்துவிடுகிறது. விலங்குகளை அடைத்துவைப்பதே கொடுமை, கோயம்புத்தூரைப் பாருங்கள் என்கிறார். முதல் பக்கத்தில் பென்குயினுக்குக் கூண்டு கேட்டவர், கடைசிப் பக்கத்தில் கூண்டே பாவம் என்கிறார். இரண்டில் எதற்கு மறுப்பு எழுதுவது என்று கொஞ்சம் குழம்பி, இரண்டுக்கும் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நரியைப் பார்க்க எதற்கு டிக்கெட் என்பது அவருடைய முதல் கேள்வி. இவர் கடைசியாக எந்தத் தெருவில் நரியைப் பார்த்தார் என்று சொன்னால் வனத்துறைக்கே உபகாரமாக இருக்கும். சென்னையில் வளரும் பிள்ளைக்கு நரி என்றால் காக்காவைப் பாடச் சொல்லி வடையைத் தட்டிக்கொண்டு போன ஆள். அவ்வளவுதான் பழக்கம். பெரியவர்களின் பழக்கம் அதைவிட மோசம். சேலம் மாவட்டம் வாழப்பாடிப் பக்கத்தில், நரி முகத்தில் விழித்தால் அந்த வருஷம் விளைச்சல் அமோகம் என்று நம்பி, பொங்கலையொட்டி வங்கா நரியை வலைபோட்டுப் பிடித்து ஊருக்குள் ஓடவிடும் வழக்கம் இருக்கிறது. வனத்துறை எச்சரிக்கை விடுகிறது, அபராதம் போடுகிறது, வழக்கம் ஓய்ந்தபாடில்லை. வங்கா நரி வேறு, கிண்டிக் காட்டில் ஊளையிடும் நரி வேறு என்பதாவது கட்டுரையாளருக்குத் தெரியுமா? தெரியாது என்பதற்கு அவர் கட்டுரையே சாட்சி. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் குழப்பி, ‘நாய்க்குச் சொந்தம்’ என்று ஒரு நகைச்சுவையும் செய்துவிட்டுப் போயிருக்கிறார்.

தேவாங்கையும் எடுத்துக்கொள்ளலாம். மெலிந்த பிள்ளையைத் ‘தேவாங்கு மாதிரி இருக்கான்’ என்று திட்டாத தமிழ்க் குடும்பம் உண்டா? திட்டுகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பிராணியைக் கண்ணால் பார்த்திருப்பார்கள்? அதற்கென்று நாட்டிலேயே முதலாவதாக ஒரு சரணாலயத்தை 2022இல் தமிழக அரசு அறிவித்தது. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூரைச் சுற்றி 11,806 ஹெக்டேர். அந்தச் செய்தி வந்த நாளில் அதற்குக் கிடைத்த கவனத்தைவிட, எந்த ஊர் விலங்குக்காட்சிசாலையிலோ பிறந்த வெள்ளைப் புலிக்குட்டிக்குக் கிடைத்த கவனம் அதிகம். ‘நம் ஊரில் திரிவதுதானே’ என்ற அலட்சியம் இவர் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. காலகாலமாக நம்மிடம் இருக்கிற வியாதி அது. அதற்கு மருந்தாகத்தான் கிண்டி மாதிரி ஓர் இடத்தை ஊர் நடுவில் வைத்திருக்கிறார்கள்.

சரி, ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். பாம்பு விஷயத்தில் அவர் சொல்வது நிஜம். பாம்பு நம் கொல்லையிலேயே இருக்கிறது. விறகுக் குவியலில், வைக்கோல் போரில், வயல் வரப்பில், சில சமயம் கழிவறைக் கதவுக்குப் பின்னாலும் இருக்கிறது. ஆகவே காட்ட வேண்டாம் என்கிறார். இந்த ‘ஆகவே’ எங்கிருந்து வந்து குதித்தது? 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். சராசரியாக ஆண்டுக்கு 58,000. இதில் பெரும்பங்கு நான்கே பாம்புகளின் வேலை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை, மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. இந்த நான்கையும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வைத்து, இந்தப் பக்கம் நின்று நிதானமாகப் பார்க்க வழிசெய்வதைத்தான் இவர் வெட்டிச் செலவு என்கிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டுவிரியன் இருக்கும் கண்ணாடிக்கு முன்னால் நின்று பாருங்கள். பார்க்க ஒன்றுமே இருக்காது. மூலையில் கறுப்பாகச் சுருண்டு, தலையை உடம்புக்கடியில் செருகிக்கொண்டு கிடக்கும். பையன்கள் கண்ணாடியைத் தட்டிவிட்டு, ‘செத்துப்போச்சுடா’ என்று மலைப்பாம்பைப் பார்க்க ஓடுவார்கள். நான் நின்றிருந்தபோது ஓர் அம்மாள் தன் மகனைச் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். ‘ஓடாதடா, நல்லாப் பாத்துக்கோ. பகல்ல இப்டித்தான் பொணமாட்டம் கெடக்கும். ராத்திரி பாய்க்கு வரும். கடிச்சா வலிக்கவே வலிக்காது. உங்க பெரியப்பா வயித்து வலின்னுதான் சொன்னாரு.’ பையன் கொஞ்ச நேரம் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றான். பலகையை அவன் படிக்கவில்லை, அம்மாளும் படிக்கவில்லை. ஆனால் அந்தக் குடும்பத்தில் இனி யாராவது தரையில் படுத்து, விடியற்காலையில் வயிற்று வலி, கண் இமை தானாக இறங்குகிறது என்று சொன்னால், சுக்குக் கஷாயம் வைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். கட்டுவிரியனின் பல் அவ்வளவு நுண்ணியது, பல சமயம் கடித்த தடமே தெரியாது. நரம்பைத் தாக்கும் அதன் விஷம் கடைசியில் மூச்சை நிறுத்துகிறது. கட்டுரையாளர் தேடிய பாதுகாப்புக் கல்வி அங்கே நடந்துகொண்டிருந்தது. அவர் பலகைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததால் கண்ணில் படாமல் போயிருக்கும்.

பாதுகாப்பு என்றால் மனிதர்களுக்கு மட்டுமா? கொம்பேறி மூக்கனைக் கேட்டால் தெரியும். கடித்துவிட்டு, கடிபட்டவனின் சிதை எரிகிறதா என்று மரத்தில் ஏறி நின்று பார்க்குமாம். விஷமே இல்லாத, ஓணானும் பல்லியும் தின்று பிழைக்கிற, முதுகில் வெண்கல நிறம் மின்னுகிற ஒல்லிப் பாம்பு அது. மரத்தில் ஏறுவது அதன் பிழைப்பு. பச்சைப்பாம்பு கண்ணைக் கொத்தும், சாரையும் நல்ல பாம்பும் சம்பந்தம் செய்துகொள்ளும், மண்ணுளிப் பாம்புக்கு இரண்டு தலை, அதை வைத்திருந்தால் புதையல் கிடைக்கும்! இந்தக் கடைசிக் கதையை வைத்து லட்சக்கணக்கில் பணம் பறிக்கிற கும்பல்கள் அடிக்கடி பிடிபடுகின்றன. ஏமாறுகிறவர்கள் படிக்காதவர்கள் என்று நினைத்தால் தப்பு, போலீஸ் செய்திகளைப் படித்துப் பாருங்கள். நம் பாம்பை நாம் அறிந்த லட்சணம் இது. இவர் என்னடாவென்றால் நமக்கு நம்முடையது எல்லாம் தெரியும், வெளிநாட்டிலிருந்து கொண்டுவா என்கிறார்.

இந்தப் பாம்புப் பண்ணை வந்த கதையையும் அவர் விசாரித்திருக்கலாம். பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் அதைக் கிண்டியில் 1972இல் அமைத்தபோது, பாம்புத் தோல் வியாபாரத்தில் சென்னை பெரிய ஊர். லட்சக்கணக்கான பாம்புகள் உரிபட்டு, பதனிடப்பட்டு, கைப்பையாகவும் இடுப்பு வாராகவும் கப்பலேறின. பிடித்துக் கொடுத்தவர்கள் இருளர்கள். வனவிலங்குச் சட்டமும் தொடர்ந்து வந்த ஏற்றுமதித் தடையும் அந்தத் தொழிலை நிறுத்தியபோது, பாம்பு பிழைத்தது, இருளர் குடிசையில் அடுப்பு அணைந்தது. அதற்கு விடையாக 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குள் அவர்கள் வேலை செய்வதை யாரும் பார்க்கலாம். மண்பானைகளில் பாம்பு, பானை வாயில் துணி கட்டியிருக்கும். இருளர் ஒருவர் கம்பியால் பாம்பை வெளியே எடுத்து, தலையைப் பிடித்து, மெல்லிய தாள் போர்த்திய கண்ணாடிக் குவளையின் விளிம்பில் கடிக்க வைப்பார். மஞ்சளாக இரண்டு மூன்று சொட்டு இறங்கும். பாம்பின் அடிவயிற்றுச் செதிலில் ஒரு சின்ன அடையாளம் வெட்டுவார்கள், அதே பாம்பை மறுபடி பிடித்துவிடாமல் இருக்க. சில வாரம் வைத்திருந்து, சில முறை விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விட்டுவிடுவார்கள். நாட்டில் தயாராகும் விஷமுறிவு மருந்துக்கு மூலப்பொருள் பெரும்பாலும் அந்தச் சொட்டுகள்தான். ‘சும்மா பாம்பு காட்டுகிறார்கள்’ என்று நம் கட்டுரையாளர் எழுதிய வாக்கியத்தை இந்த இடத்தில் வைத்துப் படித்துப் பார்க்கவும்.

வெளிநாட்டு விலங்கு வேண்டும் என்கிறாரே, அதற்கும் இருளர்களிடமே ஒரு பதில் உண்டு. அமெரிக்காவில் தெற்கு ஃப்ளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் பர்மிய மலைப்பாம்பு பெருகிப்போய், அந்த ஊர் முயல், ரக்கூன் எல்லாவற்றையும் தின்று தீர்த்துக்கொண்டிருக்கிறது. யார் கொண்டுபோய் விட்டது? அழகாக இருக்கிறதே என்று வீட்டில் வளர்க்க வாங்கியவர்கள், வளர்ந்ததும் பயந்து சதுப்பில் விட்டவர்கள். துப்பாக்கி, மோப்ப நாய், பரிசுப் போட்டி என்று எல்லாம் செய்து பார்த்துவிட்டு, 2017இல் தமிழ்நாட்டிலிருந்து மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களை அழைத்தார்கள். முதல் எட்டு நாளில் 13 மலைப்பாம்பு பிடித்துக் கொடுத்தார்கள் இருவரும். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. அயல்நாட்டு உயிரின மோகம் எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரிந்துகொள்ள ஃப்ளோரிடாவரை போகவும் வேண்டாம். கிண்டியிலிருந்து மீனம்பாக்கம் எவ்வளவு தூரம்? பாங்காக்கிலிருந்து வரும் பயணிகளின் பெட்டியில் மார்மோசெட் குரங்கும் பந்து மலைப்பாம்பும் செங்காது ஆமையும் மூச்சுத் திணறிக் கிடந்து சுங்கத்துறையிடம் சிக்குகின்றன. எதிர்த்திசையில் நம் நட்சத்திர ஆமைகள் போகின்றன. அவற்றின் சர்வதேச வியாபாரத்தை 2019இல் முற்றாகத் தடை செய்த பிறகும் போகின்றன. எங்கிருந்தோ வந்தது உசத்தி, இங்கே இருப்பது மட்டம் என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிற வேலையை அந்தக் கடத்தல்காரர்களே நன்றாகச் செய்கிறார்கள். பத்திரிகையில் வேறு எழுத வேண்டுமா?

மும்பைப் பென்குயினுக்கு வருகிறேன். பைகுல்லா விலங்குக்காட்சிசாலைக்கு 2016 ஜூலையில் சியோலிலிருந்து எட்டு ஹம்போல்ட் பென்குயின்கள் வந்தன. அக்டோபரில் ஒன்று செத்தது. 2018 சுதந்திர தினத்தன்று முதல் குஞ்சு பொரிந்தது, ஊரே கொண்டாடியது, ஒரு வாரத்துக்குள் அதுவும் போய்விட்டது. பின்னால் அவை பெருகின என்பது உண்மை, கூட்டம் அலைமோதுகிறது என்பதும் உண்மை. ஐந்து ரூபாயாக இருந்த கட்டணம் ஐம்பது ஆன பிறகும் வந்தார்கள். கட்டுரையாளர் நிறுத்துவது இங்கேதான். கூட்டம் வந்தது, காசு வந்தது, வெற்றி! நான் கேட்பது வேறு. இரவு பகலாகக் குளிரூட்டி ஓடும் அந்த அறைக்கு முன்னால் நின்ற மும்பைப் பிள்ளை என்ன தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போனது? அதே ஊரில், சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில், அடுக்குமாடிகளின் மதிலுக்கு அந்தப் பக்கம் சிறுத்தைகள் வாழ்கின்றன. ராத்திரி குப்பை மேட்டு நாயைத் தேடி இறங்கி வருகின்றன. அந்த விளிம்பில் குடியிருக்கும் பிள்ளை தெரிந்துகொள்ள வேண்டியது சிறுத்தையின் குணத்தை. பெருவிலும் சிலியிலும் கடற்கரையில் உலவும் பறவையின் செல்லப் பெயரை அல்ல.

இதைவிடத் துயரமான உதாரணம் டெல்லியில் உண்டு. ஜிம்பாப்வேயிலிருந்து தொண்ணூறுகளில் குடியரசுத் தலைவர் சங்கர் தயாள் சர்மாவுக்குப் பரிசாக வந்த ஆப்பிரிக்க யானைக்குச் சங்கர் என்றே பெயர் வைத்தார்கள். கூட வந்த துணை 2001இல் இறந்தது. அதன் பிறகு தன் இனத்து யானை ஒன்றைக்கூடப் பார்க்காமல் இருபத்து நான்கு வருஷம் தனியாக நின்றது சங்கர். அதன் நிலைமைக்காக 2024இல் உலக விலங்குக்காட்சிசாலைகளின் சங்கம் டெல்லியின் உறுப்புரிமையை நிறுத்திவைத்தது. 2025 செப்டம்பரில் செத்துப்போனது. அயல்நாட்டு விலங்கைக் கொண்டுவருவது சுலபம், அதற்கு ஒரு சொந்தத்தைக் கொண்டுவருவதுதான் கஷ்டம். இங்கே பிறந்த மானுக்கோ முதலைக்கோ அந்தக் கவலை இல்லை. துணை வேண்டுமானால் அடுத்த ஊர் விலங்குக்காட்சிசாலையில் கிடைக்கும்.

இன்னொரு இடத்தில் அவர் சரித்திரத்தையும் துணைக்கு இழுக்கிறார். சென்னைக்கு 170 வருஷப் பாரம்பரியமாம், அதைக் கிண்டி அவமதிக்கிறதாம். 1855இல் எழும்பூர் அருங்காட்சியகப் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபோர் அந்த வளாகத்தில் விலங்குகளைச் சேர்க்க ஆரம்பித்தது நிஜம். ஆற்காட்டு நவாபின் சேகரிப்பும் அதில் சேர்ந்தது. பிறகு அது பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், ‘உயிர் காலேஜ்’ என்று பேர் வாங்கி, 1985இல் வண்டலூரில் சுமார் 510 ஹெக்டேரில் திறக்கப்பட்டது. கம்பிக் கூண்டை விட்டு வெளியே வந்ததுதான் அந்த 170 வருஷத்தின் கதை. வெளிநாட்டு விலங்கு பார்க்கிற ஆசை இருந்தால் வண்டலூருக்கு பஸ் போகிறது, ரயில் போகிறது. கிண்டியில் அதை எங்கே நிறுத்துவதாக உத்தேசம்? பக்கத்தில் இருப்பது தேசியப் பூங்கா. வெறும் 270 ஹெக்டேர், நாட்டின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்று. வெளிமானும் புள்ளிமானும் நரியும் மிச்சமிருக்கிற உலர் பசுமைக்காட்டுத் துண்டு. அதில் எந்த மூலையை வெட்டிப் பென்குயினுக்கு ஐஸ் கொட்டுவது என்றும் கட்டுரையில் குறித்திருக்கலாம்.

உள்ளூர் உயிரினம் மட்டும் வைத்து ஒரு நகரம் பெயர் வாங்க முடியாது என்பது அவருடைய தீர்ப்பு. டார்ஜிலிங் அவருக்குக் கேள்விப்படாத ஊர் போலிருக்கிறது. 1958இல் தொடங்கிய அந்த விலங்குக்காட்சிசாலைக்கு ஆரம்பத்தில் சோவியத் தலைவர் குருஷ்சேவ் சைபீரியப் புலிகள் கொடுத்தார். இன்று உலகம் அதை அறிந்திருப்பது சிவப்புப் பாண்டாவுக்கும் பனிச்சிறுத்தைக்கும், இமயமலை உயிர்களுக்கும். அங்கே பிறந்த சிவப்புப் பாண்டாக்களைச் சிங்கலீலா காட்டில் விட்டிருக்கிறார்கள். ஆஸ்திரியாவில் இன்ஸ்ப்ரூக் நகரத்து விலங்குக்காட்சிசாலை 1962லிருந்து ஆல்ப்ஸ் மலை விலங்குகளை மட்டுமே வைத்திருக்கிறது. அந்த மலைகளில் வேட்டையாடி ஒழித்துவிட்ட தாடிப் பாறுக் கழுகை அங்கே வெற்றிகரமாகக் குஞ்சு பொரிக்க வைத்தார்கள். 1986லிருந்து ஆல்ப்ஸ் வானத்தில் அவை மறுபடி பறக்கின்றன. ஹைதராபாத்தில் சருகுமானைப் பெருக்கித் தெலங்கானாக் காட்டில் விட்டார்கள். காட்டில் திரும்ப விடக்கூடிய விலங்கை வளர்த்தால்தான் இதெல்லாம் நடக்கும். வரிக்குதிரையை எந்தக் காட்டில் விடுவீர்கள், முதுமலையிலா?

கடைசியாகக் கோயம்புத்தூர். வ.உ.சி. பூங்கா விலங்குக்காட்சிசாலையின் அங்கீகாரத்தை மத்திய விலங்குக்காட்சிசாலை ஆணையம் 2022இல் ரத்து செய்தது. நாலைந்து ஏக்கரில், ஊர் நெரிசலுக்கு நடுவில், மாநகராட்சி நடத்தியது. ரத்து செய்தது சரியான முடிவு. அங்கே இருந்தவையும் பெரும்பாலும் நம் நாட்டு மானும் பாம்பும் பறவையும்தான். நம்மூர் விலங்கு என்பதற்காக எந்தக் கூண்டும் நியாயமாகிவிடாது, அதை நானும் சொல்கிறேன். ஆனால் கட்டுரையாளர் இந்த உதாரணத்தை ஏன் எடுத்தார் என்றுதான் புரியவில்லை. கூழைக்கடாவுக்கே போதாத இடத்தில் ஒட்டகச்சிவிங்கி நிற்குமா? இடம் போதவில்லை என்றால் மூட வேண்டும், அல்லது இடத்துக்கு ஏற்ற உயிரை வைத்துக்கொள்ள வேண்டும். ஓர் ஏக்கர் பாம்புக்குப் போதும், ஆமைக்குப் போதும். கிண்டி அதைத்தான் செய்கிறது.

அங்கே குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. இவர் எழுதியிருக்க வேண்டிய கட்டுரை ஒன்று இருக்கிறது, அதை விட்டுவிட்டார் என்பதுதான் என் வருத்தம். விடுமுறை நாளில் கண்ணாடியைத் தட்டுகிறவர்களை யாரும் தடுப்பதில்லை. பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக இழுத்துக்கொண்டு அரை மணியில் வெளியேறும் ஆசிரியர்களுக்கு, கூண்டின் முன் நின்று பேச ஒரு ஆள் கிடைப்பதில்லை. விலங்கியல் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு, அந்த விலங்கு எந்த மாவட்டத்தில் என்ன பாடுபடுகிறது என்பதை விட்டுவிடும் பலகைகளைத் தூக்கி எறியலாம். வடநெம்மேலி இருளர்களில் சிலரை வாரக் கடைசியில் சம்பளத்துக்கு கிண்டியில் உட்கார வைக்கலாம், எந்தப் பலகையைவிடவும் அவர்கள் நன்றாகப் பேசுவார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இருக்கும் நான்கு கண்ணாடிகளுக்கும் பக்கத்தில், சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் விஷமுறிவு மருந்து கையிருப்பு இருக்கும் அரசு மருத்துவமனைகளின் பெயரை எழுதி வைக்கச் சொல்லி ஒரு பத்தி எழுதியிருந்தால், பென்குயினையும் மன்னித்திருப்பேன்.